சில நேரம் கிளம்பாத வண்டி

டெய்லரை மாடியிலிருந்து இறக்குவது தனி வேலை. அவருடைய இடது கையை யாரும் பிடிக்கக் கூடாது; டயாலிசிஸ் ஊசி ஏறுவது அந்தக் கையில்தான். அதனால் டிரைவரம்மா அவருக்கு ஒரு படி கீழே நின்று, அவரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்குவாள். அவர் வலது கையை அவள் தோளில் ஊன்றிக்கொள்வார். மேலேயிருந்து அவர் மனைவி பையும் போர்வையுமாக, "மெதுவா, மெதுவா" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வருவாள். கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது. அது ஓடிப் பார்த்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான் இறக்கி, பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை வயிற்றில் அழுத்தாமல் மாட்டிவிட்டு, முன்னால் வந்து சாவியைத் திருப்பினாள்.

டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். முன்பலகை விளக்குகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. எஞ்சின் வாயைத் திறக்கவில்லை.

"வந்துருச்சா நம்ம டிக்கு?" என்றார் டெய்லர்.

"வந்துருச்சுங்க ஐயா."

"என்கிட்ட ஒரு தையல் மெஷின் இருந்துச்சும்மா. ரிப்பேர்காரன் வந்து நின்னா ஜோரா ஓடும். அவன் தெருமுனை தாண்டினதும் மக்கர் பண்ணும். சலிச்சுப் போய் வித்துட்டேன். வாங்கினவன் கிட்ட இன்னைக்கும் ஒழுங்கா ஓடுதாம்."

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி திருப்பினாள். டிக். கிளட்சை இன்னும் ஆழமாக மிதித்தாள். டிக். கண்ணாடியில் டெய்லரின் மனைவி முகம் தெரிந்தது. அந்த அம்மாள் போர்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். போன வாரம் இதே மாதிரி தாமதமானபோது டெய்லருக்குரிய டயாலிசிஸ் மெஷினில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கடைசியில் மிச்சமிருந்த நேரத்துக்கு மட்டும் அவரைப் படுக்கவைத்து அனுப்பினார்கள். உடம்பில் நீர் முழுக்க இறங்காமல், அன்றிரவு அவர் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டி தானாகவே மனம் மாறியதுபோலக் கிளம்பியது. டிரைவரம்மா கியரைப் போட்டாள்.

அந்த வெள்ளைக் கார் டயாலிசிஸ் சென்டருடையது. நடக்க முடியாத நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட சென்டரில் சில கார்கள் ஓடின. அவற்றை ஓட்டியவர்களில் அவள் ஒருத்திதான் பெண். அதற்கு முன்னால் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் நின்றபடியே வேலை பார்த்தவள். கணவன் கட்டட வேலைக்காக வேறு ஊரில் இருந்தான். வீட்டுச் செலவு பாதிக்கு மேல் இவள் தலையில்தான். இந்த வேலை கிடைத்ததும் உட்கார்ந்து சம்பாதிக்கலாம் என்று சந்தோஷப்பட்டாள். உட்கார்ந்திருப்பது கொஞ்ச நேரம்தான் என்பதும், ஆட்களை ஏற்றுவதும் இறக்குவதுமே வேலையில் பாதி என்பதும் பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. நோயாளிகளின் வீட்டில் "எங்களுக்கு டிரைவரம்மாவையே அனுப்புங்க" என்று கேட்பார்கள்.

வண்டி எப்போது கிளம்பும், எப்போது கிளம்பாது என்பது மட்டும் பிடிபடவில்லை. சில வாரம் ஒழுங்காக இருக்கும். நிம்மதியாக மூச்சு விட்டால் அன்றைக்கே காலை வாரிவிடும். பயந்துகொண்டு சில நாள் எஞ்சினை அணைக்காமலே மாடிக்குப் போய் வந்தாள். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது என்று இன்சார்ஜ் கூப்பிட்டுக் கேட்டார். ஆள் இல்லாத வண்டியில் எஞ்சின் ஓடக் கூடாது என்பது விதி.

இன்சார்ஜ் என்பவர் கார்களுக்குப் பொறுப்பானவர். சட்டைப்பையில் எப்போதும் ரெண்டு பேனா இருக்கும். அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

"சார், அந்த வண்டி இன்னைக்கும் நின்னுருச்சு."

"கிளட்ச நல்லா மிதிச்சியா?"

"மிதிச்சேன் சார்."

"ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். ராத்திரி பூரா அங்க நின்னுச்சு. காலைல எடுத்துப் பாத்தாங்க, ஒரு குறையும் இல்லைன்னுட்டாங்க. பேட்டரி மாத்தியாச்சு. ஸ்டார்ட்டர் புதுசு போட்டாச்சு. இனி மாத்தறதுக்கு என்ன இருக்கு? டிரைவரத்தான் மாத்தணும்."

அவள் விடாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியருகில் நிறுத்தினாள். அவர் சாவியைத் திருப்பினார். கிளம்பியது. அணைத்தார், திருப்பினார், கிளம்பியது. மூன்றாம் முறை இடது கையால் திருப்பிக் காட்டினார். மற்ற டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள்.

"வண்டிக்கு ஆம்பளக் கைதான் பிடிச்சிருக்கு போல" என்றான் ஒருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவரம்மாவும் சிரித்துவைத்தாள். அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, இல்லாத கிளட்சை இடது காலால் மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டாள். தன் கால் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

கணவனின் தம்பி ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்தான். அங்கே அவனுக்கு 'மின்னல்' என்று பெயர். அவ்வளவு மெதுவாக வேலை செய்கிறவன் அந்தப் பக்கத்தில் யாரும் கிடையாது. அவள் போனபோது ஒரு ஹாரனைப் பிரித்துப்போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துத் துடைத்து, அவள் உட்காரப் போட்டான்.

"டிக்குன்னு ஒரு தடவையா அண்ணி, இல்ல டிக்டிக்டிக்னு பல்லி கத்தற மாதிரியா?"

"ஒரே தடவ."

"லைட்டு மங்குதா?"

"இல்லப்பா. பளிச்சுன்னு எரியுது. அதான் வயித்தெரிச்சல்."

"காலைல மொத மொத எடுக்கும்போது?"

அவள் யோசித்தாள். இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. "காலைல ஒரு நாளும் நின்னதில்ல. ஓட்டிட்டுப் போய் நிறுத்தி, ஆள இறக்கிக் கூட்டிட்டு வந்து மறுபடி எடுக்கும்போதுதான்."

மின்னல் ஹாரனைக் கீழே வைத்தான். "அப்பச் சூடுதான். எஞ்சின் சூட்டுல ஏதோ ஒண்ணு மயங்கி விழுது. ராத்திரி பூரா ஆறவெச்சு, காலைல பாத்தா அது எப்படித் தெரியும்? விழுந்து கிடக்கறப்ப பக்கத்துல நான் இருக்கணும் அண்ணி. எழுந்து உக்காந்தப்புறம் பாத்துப் பிரயோஜனம் இல்ல."

"வெளியாள வண்டில ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா."

"அப்ப விட்டுருங்க."

அவள் விடுவதாகத்தான் இருந்தாள். ஆனால் அடுத்த முறை டெய்லர் வீட்டு வாசலில் வண்டி மறுபடி நின்றது. இந்தமுறை டெய்லர் வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. அவர் மனைவி சட்டென்று கதவைத் திறந்து இறங்கி, வண்டியின் பின்னால் போய் நின்று இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளத் தொடங்கினாள். வண்டி அசையவில்லை. அந்த அம்மாளின் வளையல் டிக்கிக் கதவில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. டிரைவரம்மா இறங்கிப் போய், "அம்மா, விடுங்க அம்மா" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே மின்னலிடம் போய் நின்றாள். "நாளைக்கு வா" என்றாள்.

அவன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். ஒரு நோயாளியை உள்ளே விட்டபிறகு அடுத்தவரைக் கூட்டிவரப் போக இடையில் கொஞ்சம் நேரம் இருந்தது. சென்டருக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில், மதில் ஓரமாக அவன் காத்துக்கொண்டிருந்தான். கையில் பெரிதாக ஒன்றும் இல்லை: ஒரு ஸ்பேனர், டார்ச், இரண்டு வயர் பற்றவைத்த ஒரு சின்ன பல்பு.

"திருப்புங்க அண்ணி."

திருப்பினாள். கிளம்பியது. பக்கத்துத் தெருக்களில் ஒரு சுற்று சுற்றிவந்து வெயிலில் நிறுத்திவிட்டுப் பொறுத்திருந்து திருப்பினார்கள். கிளம்பியது. பானெட்டைத் திறக்காமல் சூட்டை உள்ளேயே அடைத்துவைத்துத் திருப்பினார்கள். அதற்கும் கிளம்பியது.

"என்னப் பாத்ததும் நல்ல பிள்ளையாயிட்டான் பாருங்க" என்றான் மின்னல்.

டிரைவரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வண்டி கிளம்புகிறதே என்று அழுகிற டிரைவர் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மின்னல் அவசரப்படவில்லை. போய் இரண்டு டீ வாங்கிவந்தான். அவள் பேருக்கு இரண்டு மடக்குக் குடித்தாள். அவன் கடைசிச் சொட்டு வரை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "இப்பத் திருப்பிப் பாருங்க" என்றான்.

டிக்.

"கைய எடுக்காதீங்க. சாவிய அப்படியே பிடிச்சுக்கிட்டு இருங்க."

அவள் சாவியைப் பிடித்தபடியே இருந்தாள். மின்னல் பானெட்டுக்குள் தலையை விட்டான். பல்பின் ஒரு வயரை எங்கேயோ கீழே தொட்டு, இன்னொன்றை எஞ்சின் உடம்பில் வைத்தான். பானெட் இடுக்கு வழியாக மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"எரியுது அண்ணி. சாவி சரி, வயரு சரி, உங்க காலும் சரி. கரண்டு ஸ்டார்ட்டர் வாசல் வரைக்கும் வந்து நிக்குது. உள்ள வாங்கிக்க ஆள் இல்ல." ஸ்பேனரைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் ஸ்டார்ட்டரை லேசாக ஒரு தட்டு தட்டினான். "இப்பத் திருப்புங்க."

எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது.

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். உங்க காலும் சரி என்று அவன் சொன்னதுதான் காதில் நின்றது.

மின்னல் வண்டியை அணைக்கச் சொல்லி, டார்ச் அடித்து மறுபடி குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது புதுசுன்னா சொன்னாங்க?"

"ஆமா. போன வருசக் கடைசில போட்டாங்க."

"வந்து பாருங்க. ஸ்க்ரூ தலையெல்லாம் நசுங்கியிருக்கு, அது மேல வெள்ளி பெயிண்ட். இந்த ஓரத்துல துரு, துரு மேலயும் பெயிண்ட். எதோ அடிபட்ட வண்டில இருந்து கழட்டினதுக்கு மேக்கப் போட்டு மாட்டியிருக்காங்க." டார்ச்சை அணைத்தான். "இத நீங்க பாக்கல. ஸ்டார்ட்டர் வேலை செய்யல, மாத்துங்கன்னு மட்டும் சொல்லுங்க. சரியா அண்ணி?"

"சரிப்பா."

அப்படித்தான் சொல்ல நினைத்துப் போனாள். இன்சார்ஜ் போனில் பேசிக்கொண்டிருந்தார். முடியும் வரை நின்றாள்.

"சார், ஸ்டார்ட்டர்தான் போச்சு. சூடானா வேலை செய்ய மாட்டேங்குது. அத மாத்திட்டா சரியாயிரும்."

"யாரு சொன்னது?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்களா. உனக்கு டிரைவர் வேலை குடுத்தமா, மெக்கானிக் வேலை குடுத்தமா? போட்டு ஒரு வருசம் ஆகல. புத்தம் புது ஸ்டார்ட்டர் எப்படிப் போகும்? பழிய எங்கயாவது போடணும்னு அலையற."

பழி என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. டெய்லரின் மனைவி வண்டியைத் தள்ளியது நினைவுக்கு வந்தது. "புதுசு இல்ல சார் அது. பழசுக்குப் பெயிண்ட் அடிச்சு மாட்டியிருக்காங்க. துரு மேலயே பெயிண்ட் இருக்கு" என்றாள்.

இன்சார்ஜ் மேஜை மேல் இருந்த போனைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க போங்கம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளை நீங்கள் என்று கூப்பிட்டதில்லை. வெளியே வந்து படியிறங்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

மறுநாள் நோயாளிகளை விட்டுவிட்டு வந்ததும் ஆபீசில் கூப்பிட்டார்கள். ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அங்கே ஒரு மேடம் பொறுப்பு. மெல்லிய குரல். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினாள். வண்டி நிறுத்துகிற இடம் மேலேயிருந்து தெரிந்தது. வெள்ளைக் கார், திறந்த பானெட், உள்ளே குனிந்திருக்கிற ஒரு முதுகு. டிரைவர் சீட்டில் அவள்.

"இது யாரு?"

"என் கொழுந்தனார் மேடம். வண்டி வேலை தெரிஞ்சவர்."

"நோயாளிங்க ஏறுற வண்டி இது. வெளியாள் ஒருத்தர் எஞ்சினத் திறந்து கை வெச்சிருக்கார். நாளைக்கு வழியில ஒண்ணு ஆச்சுன்னா யார் பொறுப்பு? ஒயர் எதையோ தளர்த்திட்டார்னு இன்சார்ஜ் சொல்றார்."

"அவர் எதையும் தளர்த்தல மேடம். வண்டி நிக்கறதுக்குக் காரணம் என்னன்னு பாத்தார். இந்தக் கேமரால முந்தின நாள்லயும் பாருங்க. வண்டி கிளம்பாம நான் இதே எடத்துல எத்தன தடவ நின்னிருக்கேன்னு தெரியும்."

"முந்தினதெல்லாம் இப்பக் கேள்வியில்லம்மா" என்றாள் மேடம். அவளுக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உங்கமேல நோயாளிங்க யாரும் ஒரு குறையும் சொன்னதில்ல. அதனால போலீசு அது இதுன்னு போக வேணாம்னு நானே பேசிட்டேன். நீங்களா நின்னுக்கிட்ட மாதிரி இருக்கட்டும். வேற எங்கயாவது கேட்டா நல்லவிதமாச் சொல்றேன்."

டிரைவரம்மா என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். துரு, பெயிண்ட், பல்பு எரிந்தது. சொன்னால் மின்னலின் பெயரைக் கேட்பார்கள், அவன் வேலை செய்கிற இடத்தைக் கேட்பார்கள். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

வண்டியைப் புது ஆளிடம் ஒப்படைக்க இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். வந்தவள் முதலில் டெய்லரைப் பார்க்க வார்டுக்குள் போனாள். வரிசையாக மெஷின்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன. டெய்லரின் கையிலிருந்து இரண்டு குழாய்கள் போயின, ஒன்றில் இரத்தம் போய் இன்னொன்றில் திரும்பிவந்தது. மெஷினில் ஓடுகிறவரை அந்தக் கையை அசைக்க முடியாது.

"கேள்விப்பட்டேன்" என்றார் டெய்லர். "நான் வந்து சொல்றேம்மா. அந்த வண்டி நின்னதுக்கு என்னவிட சாட்சி யாரு? அந்த மேடத்த இங்க வரச் சொல்லு. படுத்துக்கிட்டே சொல்றேன்."

அவர் மனைவி எழுந்து வந்து டிரைவரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போனாள். "அவர் பேசினா பேசுவாரும்மா. அப்புறம் இந்த மெஷின் இல்ல, டைம் இல்ல, வேற எடம் பாத்துக்கன்னு சொல்லிட்டா நான் இவர எங்க தூக்கிட்டுப் போவேன்?" என்றாள். "உன் முகத்தப் பாக்கவே எனக்குக் கூசுது."

"ஐயோ, வேணாம்மா. நீங்க அவரப் பாருங்க" என்றாள் டிரைவரம்மா. திரும்பி டெய்லரிடம், "எனக்குப் பக்கத்துலயே வேற வேலை கிடைச்சிருச்சுங்க ஐயா. நீங்க யார்கிட்டயும் பேச வேணாம்" என்றாள். அவர் நம்பவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

புது டிரைவர் வண்டியருகில் நின்றுகொண்டிருந்தான். சின்ன வயசு, சட்டையில் மடிப்புக்கோடு இன்னும் கலையவில்லை. அவள் பானெட்டைத் திறந்து, தண்ணீர் ஊற்றுகிற இடத்தையும் ஆயில் பார்க்கிற குச்சியையும் காட்டினாள். கீழே ஸ்டார்ட்டர் தெரிந்தது. உண்மையிலேயே புதுசு. எந்த ஸ்க்ரூவிலும் கீறல் இல்லை, பெயிண்ட் இல்லை. நேற்று மாட்டியிருக்க வேண்டும்.

"வண்டில ஏதோ ஸ்டார்ட்டிங் ட்ரபிள்னு சொன்னாங்களே அக்கா? யாரோ ஒயர நோண்டி வெச்சிருந்தாங்களாம்?"

"இப்ப இல்ல. சரி பண்ணிட்டாங்க" என்றாள்.

ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டு அம்மாவுக்குக் காது கேட்காது, கதவைத் தட்டக் கூடாது, ஜன்னல் பக்கம் போய்க் கையாட்ட வேண்டும். டெய்லரை மாடியிலிருந்து தாங்கிப் பிடித்துத்தான் இறக்க வேண்டும்.

"மாடில இருந்து இறக்கறதெல்லாமா நம்ம வேலை?"

"இல்ல. ஆனா அங்க வேற யாரும் இல்ல."

அவன் சரி என்றோ முடியாது என்றோ சொல்லாமல் ஏறி உட்கார்ந்தான். சீட்டைப் பின்னால் தள்ளினான். அவன் கால் நீளம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "நல்ல வண்டிதான்க்கா" என்றான்.

அவள் பின்னால் போய் நின்று, இன்னும் வா, இன்னும் வா, போதும் என்று கைகாட்டி வண்டியைப் பின்பக்கமாக எடுக்கவைத்தாள். அது திரும்பி வாசலை நோக்கிப் போனது. அவளும் அதன் பின்னால் நடந்தாள். காவலாளி சிவப்பு வெள்ளைக் கட்டையை உயர்த்தினான். வண்டி தெருவில் ஏறிக் கலந்தது. அவள் கட்டையை நெருங்குவதற்குள் அவன் அதைக் கீழே இறக்கிவிட்டான்.

"இது வண்டி போற வழிம்மா" என்றான். புதிதாக வந்த காவலாளி; அவளை யாரென்று அவனுக்குத் தெரியாது. "நடந்து போறவங்க அந்தப் பக்கமாச் சுத்திப் போகணும்."